ருக்மிணி தேவியின் திருமணமும் மணப்புடவையும்

கரிசல் காட்டில் ஒரு கலியாணம் பேசி முடித்துவிட்டால் அடுத்து எழும் கேள்வி, பட்டு எங்கே எடுப்பது என்பதுதான். கோவில்பட்டிக் கடைகளிலேயே முடித்துக்கொள்வதா, மதுரைக்குப் போவதா, காஞ்சிபுரத்துக்கே வண்டி பிடிப்பதா என்று இரண்டு வீட்டுப் பெண்களும் கூடிக் கூடிப் பேசுவார்கள். இத்தனைக்கும் இந்த மண்ணில் விளைவது பருத்தி. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்ததும், பின்னர் இங்கே நூற்பாலைகள் எழுந்ததும் பெரிதும் பருத்தியை முன்னிட்டே. பக்கத்து அருப்புக்கோட்டைத் தறிகளில் ஓடியதும் பருத்தி நூல்தான். ஆனால் மணமேடையில் மட்டும் அதற்கு இடமில்லை. அகன்ற கரையும், உடலின் நிறத்துக்கு நேர் எதிரான நிறத்தில் முந்தியும் கொண்ட காஞ்சிப்பட்டு இல்லாமல் தாலி ஏறாது என்று ஆகிவிட்டது. அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்றும் நாம் நம்பத் தொடங்கிவிட்டோம்.

வழக்கங்களுக்கும் வரலாறு உண்டு. சில வழக்கங்களில் குறிப்பிட்ட மனிதர்களின் கைத்தடத்தைக்கூட அடையாளம் காணமுடியும். இன்று காஞ்சிபுரப் பட்டு என்றதும் கண்முன் வரும் அந்தப் பழைய பாணி, மங்கிப்போய்க்கொண்டிருந்த காலத்தில் மீட்டெடுக்கப்பட்டது. அதை மீட்டவர்களில் முதன்மையானவர் ருக்மிணி தேவி அருண்டேல். நடனக் கலைஞராகவே நாம் அவரை அறிந்திருக்கிறோம். ஆடை வடிவமைப்பாளர் என்ற சொல் தமிழில் புழங்குவதற்கு முன்பே அவர் அந்த வேலையைச் செய்தவர். பரதநாட்டிய மேடை உடையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததும், கலாக்ஷேத்ரா புடவை என்று ஒரு தனி வகை பெயர் பெற்றதும் அவரால்தான். தமிழ்நாட்டு மணப்பெண்ணின் தோற்றத்தில் இவ்வளவு பங்குள்ள இந்தப் பெண்மணியின் சொந்தத் திருமணம், ஒரு நகரமே கொதித்தெழுந்து எதிர்த்த திருமணம். அந்த முரணைப் பற்றியே இக்கட்டுரை.

*

முதலில் நம் ஊர்ப்பக்கத்துத் திருமணம் ஒன்றை நினைவுகொள்வோம். 1897இல் எட்டயபுரத்துச் சுப்பையாவுக்கும் கடையத்துச் செல்லம்மாளுக்கும் மணம் நடந்தது. மணமகனுக்குப் பதினைந்து வயது நிரம்பவில்லை. மணமகளுக்கு ஏழு. பின்னாளில் பாரதியாகிக் குழந்தை மணத்தைக் கடுமையாகச் சாடிய கவிஞருக்கே வாய்த்தது அதுதான். பிராமணக் குடும்பங்களில் பெண் பூப்படைவதற்கு முன் மணம் முடித்தாக வேண்டும். தவறினால் அக்குடும்பம் ஊரின் வாய்க்கு இரையாகும்.

அந்த மணம் நடந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1904 பிப்ரவரி 29 அன்று ருக்மிணி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், வடமொழி கற்றவர். தாய் சேஷம்மாள் இசைப்பற்று மிக்கவர். நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் சேர்ந்தார் என்பதுதான் இக்குடும்பத்தின் போக்கையே மாற்றிய செய்தி. பணி ஓய்வுக்குப் பின் அவர் சென்னை அடையாறில், சபையின் தலைமையகத்தை ஒட்டியே குடியேறினார். வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் ஒரே வளாகத்தில் பழகிய இடம் அது. சாதி வேறுபாடு அங்கே கொள்கையளவில் மறுக்கப்பட்டது. பெண்களைச் சிறுவயதில் மணம் செய்விக்கக் கூடாது என்பதும் அங்கே பேசப்பட்ட கொள்கைகளில் ஒன்று. பதினாறு வயதுவரை ருக்மிணி மணமாகாமல் இருந்தது அடையாறில் இயல்பு. மயிலாப்பூரில் அதுவே வம்பு.

நம் எட்டயபுரத்துக் கவிஞருக்கு அடையாறு அவ்வளவு உவப்பான இடமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்னி பெசன்டையும் அவரைச் சுற்றியிருந்த கூட்டத்தையும் எள்ளி 1914இல் ஆங்கிலத்தில் 'பொன்வால் நரி' என்ற அங்கதத்தை அவர் எழுதினார். வெள்ளையர் ஒருவர் வந்து இந்தியருக்கு இந்தியாவைக் கற்றுக்கொடுப்பதில் உள்ள அபத்தம் அவர் கண்ணுக்குப் பட்டது. அந்த விமர்சனத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வருவதையும் படிக்க வேண்டும்.

*

ஜார்ஜ் சிட்னி அருண்டேல் 1878 டிசம்பரில் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். சபையில் ஈடுபாடு கொண்ட அத்தை பிரான்செஸ்கா அருண்டேலிடம் வளர்ந்தவர். காசியில் பெசன்ட் தொடங்கிய மத்திய இந்துக் கல்லூரியில் ஆசிரியப் பணிக்காக இந்தியா வந்தார். 1917இல் சுயாட்சி இயக்கத்தின் பொருட்டு அரசு பெசன்டை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது, அவருடன் வைக்கப்பட்ட இருவரில் ஒருவர் அருண்டேல். மற்றவர் பி. பி. வாடியா. ஆகவே 1920இல் அவர் சென்னைக்கு அந்நியரல்லர். தேசியவாதிகளின் மரியாதைக்கு உரியவராகவே இருந்தார்.

அவர் நீலகண்ட சாஸ்திரியின் மகளை மணக்கப்போகிறார் என்ற செய்தி வெளியானதும் அந்த மரியாதை ஒரு கணத்தில் கரைந்தது. பெண்ணுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. பெண் பிராமணக் குலம், அவரோ வெள்ளைக்காரர். நாளிதழ்கள் கண்டித்தன. கண்டனக் குரல்களில் வயது இடைவெளியைவிடக் குலமே அதிகம் ஒலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிழவருக்குச் சிறுமியைக் கட்டிவைப்பது அன்றைய சமூகத்துக்குப் புதிதன்று. இரண்டாம் தாரமாக, மூன்றாம் தாரமாகப் பத்து வயதுப் பெண்கள் நாற்பது வயதினருக்கு வாழ்க்கைப்பட்ட காலம் அது. பெண்ணுக்குப் பதினான்கு வயது என்ற எல்லையை வைத்த சாரதா சட்டம் வந்ததே 1929இல்தான். இன்று நம்மை உறுத்துவது அந்தப் பதினாறு வயது. அன்று அவர்களை உறுத்தியது வேறு.

சாதியும் மதமும் கடந்து மணப்போருக்கென அப்போதிருந்த 1872ஆம் ஆண்டுச் சட்டமும் எளிதானதன்று. தாம் இந்து, கிறித்தவம் முதலிய மதங்களில் எதையும் பின்பற்றவில்லை என்று மணமக்கள் அறிவிக்க வேண்டும். 1923இல் ஒரு திருத்தம் வந்தது. மதத்தை விடாமலே யாரும் யாரையும் மணக்கலாம் என்ற நிலை 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தால்தான் பிறந்தது. இன்று பதிவுத் திருமணம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை வேலிகள் இருந்தன.

தாய் சேஷம்மாள் இசைந்தார். பெசன்ட் ஆதரித்தார். சென்னையின் கொந்தளிப்பிலிருந்து விலகி, 1920 ஏப்ரலில் பம்பாயில் பதிவுத் திருமணம் நடந்தது. அக்கினி இல்லை, ஊர் கூடவில்லை, கூறைப்புடவைச் சடங்கு இல்லை. தமிழ்நாட்டு மணப்புடவையின் வரலாற்றில் இடம்பெறப்போகிறவரின் திருமணம் அப்படித்தான் முடிந்தது.

*

இந்தத் திருமணம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு வெளியிலிருந்து விடை சொல்லிவிட முடியாது. இருபத்தைந்து ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பெரும்பாலும் பயணத்திலேயே வாழ்ந்தார்கள். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அந்த இளம்பெண்ணின் பள்ளிக்கூடங்களாயின. குழந்தை இல்லை. 1920களின் பிற்பகுதியில் பெசன்ட் 'உலகத் தாய்' என்றொரு இயக்கத்தை அறிவித்து, அதன் முகமாக ருக்மிணியை முன்னிறுத்தினார். ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக அறிவித்த அதே மனப்போக்கின் இன்னொரு கிளை அது. கிருஷ்ணமூர்த்தி 1929இல் அந்தப் பீடத்தை வெளிப்படையாக உதறினார். ருக்மிணியின் பீடம் ஓசையின்றி மறக்கப்பட்டது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத, பிள்ளை பெறாத ஒரு பெண்ணின்மீது உலகத் தாய்மையை ஏற்றிவைத்தவர்கள் அவளிடம் என்ன கேட்டுக்கொண்டார்கள் என்று யோசிக்கும்போது, 1914இல் எழுதிய அங்கதக்காரரின் சிரிப்பு நம் காதில் விழத்தான் செய்கிறது.

அவரை மீட்டது நடனம். 1928இல் பம்பாயில் ருஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நிகழ்ச்சியைத் தம்பதியர் கண்டனர். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் அவரோடு பயணம் செய்யும் வாய்ப்பும் கிட்டியது. பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணியை, உன் நாட்டுக் கலையைத் தேடு என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவாவே. 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாறில் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஆடினார். 1936 ஜனவரியில் கலாக்ஷேத்ரா பிறந்தது.

அப்போது அருண்டேல் சபையின் தலைவர், 1934இல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பிராமணப் பெண் ஒருத்தி சதிர் ஆடுவதா என்று மீண்டும் எழுந்த கூச்சலுக்கு நடுவே அவர் மனைவியின் பக்கம் நின்றார். ஓர் இக்கட்டான உண்மையை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ருக்மிணியை ஊர் ஏற்கனவே விலக்கியிருந்தது. இழப்பதற்கு இன்னொரு மானம் மிச்சமில்லை என்பது அவருக்கு ஒரு வகையில் விடுதலை. அதே நேரம், சபைத் தலைவரின் மனைவி என்ற அந்தஸ்து அவருக்குக் கூரையாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைச் சுமந்துவந்த தேவதாசிப் பெண்களுக்கு அந்தக் கூரை கிடையாது. மணவாழ்வுக்கு வெளியே நின்றார்கள் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். சடங்குத் திருமணத்தை மீறியவர் மனைவி என்பதால் காக்கப்பட்டார். திருமணம் என்ற அமைப்புக்குள்ளேயே வராதவர்கள் மேடையிலிருந்து மெல்ல மெல்ல விலக்கப்பட்டார்கள். ருக்மிணி தேவி சிருங்காரத்தைக் களைந்து நடனத்தைத் தூய்மைப்படுத்தப் பார்க்கிறார் என்று பாலசரஸ்வதி எழுப்பிய ஆட்சேபத்துக்குப் பின்னால் இந்த நியாயமும் இருந்தது.

*

உடைக்கு வருவோம். அதுவரை சதிர் ஆடியவர்கள் காற்சட்டையின்மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடினார்கள். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து, மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞரின் துணையோடு, விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடையை உருவாக்கினார். அரைமண்டியில் அமரும்போது அந்த மடிப்பு விரியும். அங்கத்தின் கோடு தெளிவாகத் தெரியும். இன்று ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடும் சிறுமிகூட அணிவது அந்த வடிவத்தின் வழிவந்த உடையைத்தான். பாரம்பரியம் என்று நாம் கைகூப்பும் ஒன்றில் ஓர் இத்தாலியப் பெண்ணின் தையல் இருக்கிறது.

நெசவுக்கு 1937இல் அடையாறில் ஒரு கூடம் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். அப்போது நகரத்து மேல்தட்டுப் பெண்களின் மோகம் ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய அந்நியத் துணிகளின்மீது. ருக்மிணி தேவி எதிர்த்திசையில் நடந்தார். பழம்புடவைகளைத் தேடிச் சேர்த்தார். கரைகளையும் கோலங்களையும் நிறச்சேர்க்கைகளையும் பார்த்து அவற்றை மறுபடி தறியில் ஏற்றினார்.

அவர் பெரிதும் போற்றிய கோர்வை நெசவின் சிரமம் தெரிந்தவர்களுக்கே அந்த முடிவின் கனம் விளங்கும். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலின் ஊடைநூல் கரையின் விளிம்பிலேயே நின்று, கரையின் ஊடைநூலோடு பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். ஒவ்வொரு இழையிலும் இரண்டு நிறங்கள் கைகோத்துத் திரும்புகின்றன. உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் இழுத்தாலும் பிரியாது. முந்தியை வேறு நிறத்தில் இணைக்க பிட்னி என்ற இன்னொரு நுட்பம். வேலை குறைவான முறைகள் வந்தபோது நெசவாளர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. அப்படிச் சாய்ந்த காலத்தில், இதற்கு வாங்குவோர் உண்டு என்று காட்டி அந்தக் கைப்பழக்கத்தைத் தக்கவைத்ததே அடையாறு நெசவுக்கூடத்தின் முக்கியப் பணி.

இவ்விடத்தில் மதுரையில் பிறந்த இன்னொரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். எம். எஸ். சுப்புலட்சுமி, 1916இல் பிறந்தவர், இசைவேளாளர் குலம். 1940இல் சதாசிவத்தை மணந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் திருமணத்தால் வெளியே தள்ளப்பட்டார். இசைவேளாளர் வீட்டில் பிறந்தவர் திருமணத்தால் உள்ளே ஏற்கப்பட்டார். ஆனால் பின்வந்த தலைமுறைகளின் நினைவில் இருவருமே காஞ்சிப்பட்டின் உருவங்களாக நிலைத்தார்கள். எம். எஸ். நீலம் என்று ஒரு நிறத்துக்கே பெயர் வந்தது. கலாக்ஷேத்ரா கரை என்று ஒரு கரைக்கும் பெயர் வந்தது. இருவரின் சாதியையும் மணத்தையும் எடைபோட்ட அதே ஊர், அவர்கள் உடுத்ததை மட்டும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டது.

*

1945 ஆகஸ்ட் 12 அன்று அருண்டேல் மறைந்தார். ருக்மிணி தேவிக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. திருமணத்தின்போது கணவருக்கு இருந்த அதே வயது. அவர் பிறந்த குலத்தின் வழக்கப்படி கைம்பெண்ணுக்கு நிறம் இல்லை, பட்டு இல்லை, மங்கல நிகழ்ச்சிகளில் இடமில்லை. அவரோ பிற்காலப் படங்களிலும் அகன்ற கரைப் பட்டோடுதான் நிற்கிறார். முதலில் மணச்சடங்கை மீறியவர், பிறகு கைம்மைச் சடங்கையும் மீறினார். இரண்டாவது மீறலைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

பிள்ளைகளற்ற அந்த வீடு ஏற்கனவே பெரியதொரு குடும்பமாகியிருந்தது. 1939இல் தம்பதியரின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாறு வந்தார். உலகப்போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற முதியவர்கள் கலாக்ஷேத்ராவின் நிழலில் கற்பித்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தபின் அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் சிதறிவிடாமல் 1943இல் அவர் பெயராலேயே ஒரு நூலகத்தை நிறுவியவரும் ருக்மிணி தேவியே. தமிழ் இலக்கிய வாசகர்கள் அவருக்கு நன்றி சொல்ல இந்த ஒன்றே போதும். 1944இல் கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக அவர் எடுத்துக்கொண்டது குற்றாலக் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் சிங்கியும் வசந்தவல்லியும் அடையாற்று மேடையில் அவர் தேர்ந்த நிறங்களை உடுத்தி வந்தார்கள்.

பிறந்த குடும்பத்தின் கதை அவ்வளவு இனிமையாக முடியவில்லை. அண்ணன் என். ஸ்ரீராம் 1953 முதல் 1973 வரை சபையின் தலைவர். அவருடைய மகள் ராதா, கலாக்ஷேத்ராவில் பயின்றவர். ழான் ரெனுவார் கல்கத்தாவில் எடுத்த 'தி ரிவர்' படத்தில் ஆடி நடித்தவர். 1951இல் அவர் சுவிட்சர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ரேமண்ட் பர்னியேவை மணந்தார். அத்தை 1920இல் திறந்த கதவு மருமகளுக்கு அவ்வளவு கனக்கவில்லை. ஆனால் 1980இல் சபைத் தலைவர் தேர்தலில் அத்தையும் மருமகளும் எதிரெதிரே நின்றார்கள். ராதா பர்னியே வென்றார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் பெயர் சொல்லியும் மறுத்தவருக்கு, தான் வளர்ந்த வளாகத்தில் தன் இரத்த உறவிடம் தோற்க நேர்ந்தது. 1986 பிப்ரவரி 24 அன்று, எண்பத்திரண்டு நிறைய ஐந்து நாட்கள் இருக்கும்போது அவர் மறைந்தார்.

*

கரிசலுக்குத் திரும்புவோம். தென்மாவட்டங்களில் சாதி கடந்து மணம் செய்துகொண்ட பிள்ளைகள் இன்றும் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. போய்ச் சேராமலே வழியில் வெட்டப்பட்டவர்களும் உண்டு. 1920இல் ஒரு பெண் சென்னையை விட்டு பம்பாய் போய் மணக்க நேர்ந்ததை வரலாறு என்று படிக்கிறோம். இங்கே அது நேற்றைய செய்தியாகவும் இருக்கிறது.

ருக்மிணி தேவியின் புடவையை நாம் எடுத்துக்கொண்டோம். அவருடைய திருமணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. புடவையைப் பாரம்பரியம் என்கிறோம். அதை மீட்டுத் தந்தவர் பாரம்பரியத்தை மீறியவர் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அவர் பிழையற்றவர் என்று சொல்ல வரவில்லை. அவர் கட்டிய மேடையில் இடமிழந்தவர்களின் கணக்கும் நேர்செய்யப்படாமலே கிடக்கிறது. ஆனால் சாதிக்கு வெளியே மணந்ததற்காக ஊர் விலக்கிய ஒருவர்தான், சாதிக்குள் நடக்கும் ஆயிரமாயிரம் திருமணங்களில் மணப்பெண் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் கைவைத்திருக்கிறார் என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

அடுத்த முகூர்த்தத்தில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது மணப்பெண்ணின் புடவைக் கரையைக் கவனித்துப் பாருங்கள். உடலும் கரையும் சேருமிடத்தில் சின்னச் சின்னப் பற்களாக இரண்டு நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி நிற்கும். எந்த நிறம் எந்த நிறத்துக்குள் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது.